ஒன்பதாம் நம்பர் கொக்கி

அத்தியாயம் 6

அகல்யாவும் ஜஸ்டினும் உள்ளே நுழைந்தபோது தொழிற்சாலையில் இருந்த அறுபது பேரும் மண்டி போட்டிருந்தார்கள்.

மெஷின்களுக்கு அடியில் சிலர், அலமாரிகளுக்குப் பின்னால் சிலர். ஒரு பெரியவர் டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு ஒரு மேஜைக்குக் கீழே பாதி உடம்பை விட்டிருந்தார். ஒரு மெஷின்கூட ஓடவில்லை. திருமழிசைத் தொழிற்பேட்டையில் வெள்ளிக்கிழமை பகல் ஒன்றே முக்கால் மணிக்கு ஒரு கம்பெனி இவ்வளவு அமைதியாக இருந்தால், ஒன்று முதலாளி செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் லேபர் ஆபீசர் வந்திருக்க வேண்டும்.

“எங்க சர்ச்சுல பெரிய வெள்ளிக்குக் கூட இத்தினி பேரு ஒண்ணா முட்டி போட்டு நான் பாத்ததில்ல மேடம்,” என்றான் ஜஸ்டின்.

“குரலைக் கம்மி பண்ணு.”

“கம்மியாத்தான் பேசறேன். இங்க சத்தமே இல்லாததால அப்டி கேக்குது.”

அகல்யா பதினோரு வருடம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துவிட்டு, அந்த அலுப்பில் வேலையை விட்டு, மேனாம்பேட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவள். ஜஸ்டின் அவளுடைய உதவியாளன். அதற்கு முன் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். வாயை மூடச் சொன்னால் மூடுவான். எவ்வளவு நேரம் என்பதற்கு மட்டும் யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அவர்களை வரச்சொன்னவர் எதிரே வந்தார். கோகுல்நாத், ஐம்பத்திரண்டு வயது, விமான பாகங்கள் செய்யும் இந்தக் கம்பெனியின் நிதித் தலைவர். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. பேன்ட்டின் இரண்டு முழங்காலிலும் மட்டும் வட்டமாகத் தூசி. அவரும் மண்டி போட்டிருக்கிறார் என்று தெரிந்தது.

“என் ஃபைலைத் தேடறாங்கன்னு நெனச்சிடாதீங்க மேடம்,” என்றார். “ஒரு டோக்கன் காணோம். காலைல பத்து மணிக்கு ரிப்போர்ட் வந்துச்சு.”

“டோக்கன்னா?”

அவர் ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வளைத்துக் காட்டினார். பழைய ஒரு ரூபாய் அளவு. “பித்தளை வில்லை. நம்பர் போட்டிருக்கும். தொழிலாளிக்கு ஒண்ணு, ஆபீசருக்கும் ஒண்ணு. விமான சாமான் செய்யற இடத்துல ஒரு சின்ன ஸ்க்ரூ காணாமப் போனாலும், அது ஏதோ ஒரு பாகத்துக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்குன்னுதான் வச்சுக்கணும். கிடைக்கிற வரைக்கும் மெஷின் ஓடக்கூடாது, ஒரு பெட்டி வெளிய போகக்கூடாது.”

“உங்க ஃபைல் நேத்து காணாமப் போச்சே, அதுக்கு யாராச்சும் குனிஞ்சாங்களா சார்?” என்று கேட்டான் ஜஸ்டின்.

கோகுல்நாத் அவனை ஒரு முறை பார்த்தார். “ஃபைல் விமானத்துக்குள்ள போய் விழாது தம்பி,” என்றார்.

காணாமல் போன ஃபைலின் கதையை அவர் நேற்று மாலையே மேனாம்பேட்டுக்கு வந்து சொல்லியிருந்தார். போன மார்ச் மாதம் அறுபத்திரண்டு டைட்டானியம் பிராக்கெட்டுகள் சோதனையில் தோற்றுப்போயின. மயிரிழை விரிசல். விமான இறக்கைக்குள் எரிபொருள் குழாயைத் தாங்கிப் பிடிக்கிற சாமான் அது. தோற்ற சாமானுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு, மறுபடி யாரும் உபயோகிக்க முடியாதபடி இரண்டாக அறுத்துவிட வேண்டும். அறுத்தாகிவிட்டது என்று ரிஜிஸ்டரும் சொன்னது.

ஸ்டோர் கணக்கு வேறு மாதிரி சொன்னது. டைட்டானியம் ரம்பப் பிளேடைத் தின்றுவிடும். பதினைந்து பிராக்கெட்டுக்கு ஒரு பிளேடு என்றாலும் நான்கு பிளேடாவது செலவாகியிருக்க வேண்டும். அந்த மாதம் ஸ்டோரிலிருந்து ஒரு பிளேடுகூட வெளியே போகவில்லை. ஊர் உலகத்தில் நிதித் தலைவர்கள் கணக்கில் எது குறைகிறது என்று பார்ப்பார்கள். இவர் எது குறையவில்லை என்று பார்த்திருக்கிறார். அகல்யாவுக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே அவரைப் பிடித்துப்போயிற்று.

அறுக்காத அறுபத்திரண்டும் பெயின்ட்டைத் துடைத்துக்கொண்டு மார்ச் கடைசி லோடில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போய்விட்டன. இப்போது அவருடைய கிடங்கில் தூங்குகின்றன. வருகிற திங்கட்கிழமை இறக்கைகளில் மாட்டப் போகிறார்கள்.

கோகுல்நாத் ஆதாரங்களை ஒரு சிவப்பு ஃபைலில் சேர்த்தார். போர்டில் இருக்கும் இரண்டு டைரக்டர்களுக்குக் கடிதம் எழுதினார். எம்.டி. விக்ரமின் பதில் வேகமாக வந்தது. புதன்கிழமை கோகுல்நாத்தின் லாப்டாப்பை “சர்வீஸ்” என்று எடுத்துக்கொண்டு போனார்கள். இன்று மாலை நான்கு மணிக்கு போர்டு மீட்டிங். ஆதாரத்தைக் காட்ட வேண்டும், இல்லையேல் கம்பெனியின் பேரைக் கெடுத்த குற்றத்துக்காக வெளியே போக வேண்டும். ஃபைலோ நேற்று மத்தியானம் லாக்கரிலிருந்து மறைந்துவிட்டது.

“லாக்கர் எங்க?” என்றாள் அகல்யா.

“டூல் ரூம்ல.”

“நிதித் தலைவருக்கு லாக்கர் டூல் ரூம்லயா?”

“நான் வேலைக்குச் சேர்ந்தது அங்கதான் மேடம். ஸ்பேனர் எடுத்துக் குடுக்கற கிளார்க். எங்கப்பா ஆவடி டாங்க் ஃபேக்டரில ஃபிட்டர், குவார்ட்டர்ஸ்லதான் வளர்ந்தேன். தெனம் பூந்தமல்லி பஸ்ல வரும்போதும் போகும்போதும் காஸ்ட் அக்கவுன்ட்ஸ் படிச்சேன். கிளார்க், அக்கவுன்டன்ட், மேனேஜர், அப்புறம் இது. இருபத்தாறு வருஷம். ரூம் மாறிச்சு. லாக்கரை மட்டும் விடல.” சாவிக்கொத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “இன்னைக்கு வெளிய அனுப்பினாங்கன்னா, இந்தத் தொழில்ல எனக்கு வேற எவனும் வேலை தரமாட்டான். ஃபைனான்ஸ்காரன் கம்ப்ளெய்ன்ட் குடுத்து நிரூபிக்கல்லன்னா அவன் பொய்யன்.”

டூல் ரூம் ஒரு ஜன்னலும் அதற்குப் பின்னால் ஒரு பெரிய பலகையுமாக இருந்தது. பலகை முழுக்கக் கொக்கிகள். முந்நூறுக்குக் குறையாது. ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு கருவி, அல்லது ஒரு சாவி, அல்லது ஒரு பித்தளை வில்லை. பலகைக்குப் பொறுப்பாளர் ஞானம்மாள். அவர் தரையில் உட்கார்ந்து அலமாரிக்கு அடியில் விளக்குமாற்றை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

“காலைலேர்ந்து குனிஞ்சிகினே கீறேன்மா. இடுப்பு போச்சு,” என்றபடி எழுந்தார். ஜஸ்டின் கையில் விளக்குமாற்றைத் திணித்தார். “நீ சும்மாத்தானே நிக்கற நைனா, அந்த மூலைல பாரு.”

“எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்கும்மா காயணும்?” என்று கேட்டுக்கொண்டே ஜஸ்டின் மூலைக்குப் போனான்.

அகல்யா சுவரோரம் இருந்த கோகுல்நாத்தின் ஒன்பதாம் நம்பர் லாக்கரைப் பார்த்தாள். பூட்டை உடைக்கவில்லை, நெம்பவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. திறந்தவன் சாவி போட்டுத் திறந்திருக்கிறான்.

“சாவி யார்கிட்ட?”

கோகுல்நாத் தன் சாவிக்கொத்தைக் காட்டினார். “ஒண்ணு எங்கிட்ட. எப்பவும்.”

“இன்னொண்ணு?”

“ஸ்பேர் சாவி ஞானம்மா காவல்ல. அதனாலதான் தைரியமா வச்சேன். இந்த ஜன்னலைத் தாண்டி ஒரு குண்டூசி போகாது.”

“டோக்கன் இல்லாம போவாது,” என்று திருத்தினார் ஞானம்மாள். “எது எடுத்தாலும் அந்தக் கொக்கில அவன் டோக்கன மாட்டிட்டு எடுக்கணும். சாமான் திரும்பி வந்தா டோக்கன எடுத்துகினு போவலாம். பெரிய மொதலாளி, அதான் இப்ப கீற எம்.டி.யோட அப்பா, ஒரு தபா ஸ்க்ரூ டிரைவர் கேட்டாரு. டோக்கன் இன்னான்னேன். திரும்பிப் போயி எடுத்துகினு வந்தாரு.”

“நேத்து ஸ்பேர் சாவிய யாராச்சும் கேட்டாங்களா?”

“ஒருத்தரும் கேக்கலம்மா.”

“நேத்து மத்தியானம் நீங்க எங்க இருந்தீங்க?”

“பன்னண்டரைலேர்ந்து ஒரு மணி வரைக்கும் அலமாரிக்குப் பின்னால குந்திகினு சோறு துன்னேன். ஜன்னல் தொறந்துதான் இருந்துது. அவசரம்னா அவங்களே எடுத்துப்பாங்க.”

“அப்ப கேக்காம எடுத்திருக்கலாம்.”

“எடுத்தா டோக்கன் மாட்டிட்டுத்தானே போவான்?”

கோகுல்நாத்துக்குப் பொறுமை போயிற்று. மணி இரண்டு இருபது. “ஞானம்மா, திருட வந்தவன் தன் நம்பரை மாட்டிட்டா திருடுவான்?”

அந்தக் கேள்வியே ஞானம்மாளுக்குப் புரியவில்லை என்று முகம் சொன்னது. அகல்யா அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எல்லாரும் ரெண்டு நிமிஷம் அலமாரிக்குப் பின்னால வாங்க,” என்றாள்.

நால்வரும் பின்னால் நின்றார்கள். மூன்றாவது நிமிடம் பச்சையப்பன் என்ற டர்னர் ஜன்னலுக்கு வந்தார். முன்பு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டிருந்த பெரியவர் அவர்தான். அவருடைய சொந்த டார்ச் அது, பேட்டரி தீர்ந்திருந்தது. “ஞானம்மா!” என்று ஒரு தடவை கூப்பிட்டார். பதில் இல்லை. அப்போது அவருடைய செல்போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவே அதை இடுக்கிக்கொண்டு, மனைவியிடம் ரேஷன் கடையைப் பற்றிப் பேசியபடியே கையை நீட்டி, பலகையிலிருந்து வேறு டார்ச்சை எடுத்துக்கொண்டு நடந்தார்.

பத்தடி போவதற்குள் அகல்யா வெளியே வந்தாள். “அண்ணே, ஒரு நிமிஷம். உங்க டோக்கன் எங்க?”

“எங்கிட்டத்தான்,” என்று சட்டைப் பையைத் தட்டினார் பச்சையப்பன். பிறகு பேன்ட் பையை. பிறகு மற்றொரு பேன்ட் பையை. அவர் முகம் வெளுத்தது. “ஐயய்யோ. என்னுதும் காணோம்மா! இப்பதானே இருந்துது! எந்த மெஷின் கிட்ட வுட்டேன்னு தெரியலியே!”

சொல்லிக்கொண்டே மனிதர் நின்ற இடத்தில் மண்டி போட்டுத் தரையைத் தடவ ஆரம்பித்தார்.

ஜஸ்டின் பலகையைச் சுட்டிக்காட்டினான். டார்ச் இருந்த கொக்கியில் நூற்றுப் பதினெட்டாம் நம்பர் டோக்கன் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. “அண்ணாத்தே, எந்திரி. நீயேதான் மாட்டின.”

“நானா?” என்றார் பச்சையப்பன். அவர் பொய் சொல்லவில்லை.

“கை தானா மாட்டும்மா,” என்றார் ஞானம்மாள். “தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.”

அகல்யா பலகைப் பக்கம் திரும்பினாள். “ஒன்பதாம் நம்பர் கொக்கில என்ன இருக்கு?”

எல்லோரும் பார்த்தார்கள். சாவி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பித்தளை வில்லை.

“அது நேத்துலேர்ந்து தொங்குது,” என்றார் ஞானம்மாள், ஒரு பதற்றமும் இல்லாமல். “சாவி வெளிய போயிருக்கு. டோக்கன் கீது. எல்லாம் சரியாத்தானே கீது?”

“அது யாரோட டோக்கன்னு பாக்கலயா?”

“சாமான் திரும்பி வர்றப்போதான் நம்பர் பாப்பேன்.”

“காலைலேர்ந்து ஒரு டோக்கனைத் தேடறீங்களே ஞானம்மா.”

“தரையில தேடச் சொன்னாங்க. தேடறேன். கொக்கில கீறது எப்டிம்மா காணாமப் போனதாவும்?”

ஜஸ்டின் ஜன்னலுக்குள் கையை விட்டு வில்லையை எடுத்துத் திருப்பினான். “நாப்பத்தேழு.”

கோகுல்நாத் மெதுவாக ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தார். “இதைத்தான் மேடம் அறுபது பேரும் தேடறாங்க. இது ரவிச்சந்திரனோடது. எங்க குவாலிட்டி ஹெட். காலைல பத்து மணிக்கு டோக்கன் காணோம்னு அவர்தான் ரிப்போர்ட் குடுத்தார்.”

“களவாண்டவனே கம்ப்ளெய்ன்ட் குடுத்துகீறான்,” என்றான் ஜஸ்டின். “நம்ம தொழிலுக்கே வேலை இல்லாமப் பண்ணிடுவாங்க போல கீது மேடம்.”

கோகுல்நாத்தை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் மாடிப்படி ஏறினார்கள். பாதிப் படியில் கீழே கைதட்டல் கேட்டது. டோக்கன் கிடைத்த சேதி பரவிவிட்டது. மெஷின்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின.

ரவிச்சந்திரனுக்கு நாற்பத்தெட்டு வயது இருக்கலாம். வெள்ளைக் கோட், நெற்றியில் விபூதி, மேஜை மேல் பென்சில்கள் உயர வரிசையில். அகல்யா நாற்பத்தேழாம் நம்பர் வில்லையை அவர் முன்னால் வைத்தாள். அவர் முகத்தில் முதலில் வந்தது பயம் இல்லை. நிம்மதி.

“கிடைச்சிடுச்சா! எங்க இருந்துது? எந்த மெஷின்?”

“ஒன்பதாம் நம்பர் கொக்கில.”

நிம்மதி போய்விட்டது. அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தனக்குத் தெரியாமல் செய்ததற்குத் தன் கையைக் குறை சொல்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

“பதினெட்டு வருஷம் மேடம்,” என்றார். “முதல் பத்து வருஷம் நான் கீழ மெஷின் ஷாப்ல சாமான் செக் பண்ற இன்ஸ்பெக்டர். ஒரு நாளைக்கு நாப்பது தடவை அந்தப் பலகைல அளவு பாக்கற கேஜ் எடுப்பேன். நேத்து சாவி எடுத்தது ஞாபகம் இருக்கு. மாட்டினது சத்தியமா ஞாபகம் இல்ல.”

“சாவியைத் திரும்ப வச்சிருந்தா டோக்கனும் கைக்கு வந்திருக்கும்.”

“வைக்கலாம்னு போனேன். ஞானம்மா சாப்பிட்டு எழுந்துட்டாங்க. பயந்து திரும்பி வந்துட்டேன்.” மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு சிறு சாவியை எடுத்து வைத்தார். அதில் ஒரு அட்டை கட்டியிருந்தது. “லாக்கர் 9, ஸ்பேர்” என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

“ஒரு சந்தேகம் சார்,” என்றான் ஜஸ்டின். “டோக்கன் காணோம்னு நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா ஒரு ஈ காக்காக்குத் தெரிஞ்சிருக்காது. இன்னாத்துக்கு ரிப்போர்ட் குடுத்தீங்க?”

ரவிச்சந்திரன் உண்மையாகவே அதிர்ந்துபோனார். “எப்படிங்க சொல்லாம இருக்கறது? அது ஒரு பார்ட்டுக்குள்ள விழுந்திருந்தா? அந்த பார்ட் விமானத்துல ஏறிட்டா? முந்நூறு பேர் போற விமானம்ங்க!”

கீழே மெஷின்களின் சத்தம் மட்டும் கேட்டது.

அகல்யா கேட்டாள்: “அறுபத்திரண்டு பிராக்கெட்டை அறுத்ததா கையெழுத்துப் போட்டது யார் சார்?”

அவர் தலை குனிந்தார். மேஜை மேல் இருந்த பென்சில் ஒன்றை எடுத்தார், வைத்தார். கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியால் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

“எம்.டி. சொன்னார். மறுபடி சோதனை பண்ணா பாஸாயிடும், ரிஜெக்ட் கணக்கை முடிக்க நீ மொதல்ல அறுத்ததா கையெழுத்துப் போடுன்னார். என் பொண்ணுக்கு அந்த மாசம் காலேஜ்ல சீட் கிடைச்சிருந்துது. போட்டேன். மறுசோதனை நடக்கவே இல்ல.”

“ஃபைல்? கிழிச்சிட்டீங்களா?”

“கிழிக்கறதா?” மறுபடியும் அதே அதிர்ச்சி. “எம்.டி. அப்படித்தான் சொன்னார். ஆனா ரெக்கார்டைக் கிழிக்கக் கூடாது மேடம். பத்து வருஷம் பத்திரமா வச்சிருக்கணும்னு விதி இருக்கு.”

எழுந்துபோய்ப் பின்னாலிருந்த அலமாரியைத் திறந்தார். நூறு ஃபைல்களுக்கு நடுவில் சிவப்பு ஃபைல் உட்கார்ந்திருந்தது. முதுகில் ஒரு லேபிள் ஒட்டி, வரிசை எண்ணும் தேதியும் போட்டிருந்தார். அவரை எரிச்சலோடு பார்ப்பதா பரிதாபத்தோடு பார்ப்பதா என்று அகல்யாவால் முடிவு செய்ய முடியவில்லை. கெட்டவனாக இருப்பதற்குக்கூட ஒரு பயிற்சி வேண்டும். இந்த மனிதருக்கு அது இல்லை.

“நாலு மணிக்கு போர்டுல இதைச் சொல்வீங்களா?”

“கேட்டா சொல்வேன்.”

“கேப்பாங்க.”

அவர் தலையாட்டினார். அவர்கள் வாசலுக்குப் போனதும் கூப்பிட்டார். “மேடம், நான் தப்பு பண்ணிட்டேன், ஒத்துக்கறேன். ஆனா பதினேழாம் பக்கத்தைப் பத்தி கோகுல்நாத் சார் உங்ககிட்ட சொன்னாரா?”

“இல்ல.”

“அதைப் பாருங்க. அதுக்கப்புறம் என்னைத் திட்டுங்க.”

வராந்தாவில் நின்று அகல்யா பக்கங்களைப் புரட்டினாள். ரம்பப் பிளேடு கணக்கு. அறுப்பு ரிஜிஸ்டரின் நகல். சோதனை அறிக்கை, அதில் அறுபத்திரண்டு சிவப்புக் கட்டங்கள். பதினேழாம் பக்கம் மார்ச் முப்பத்தொன்றாம் தேதி லோடுக்கான பில். அனுப்பலாம் என்று அனுமதி கொடுக்கும் இடத்தில் ஒரு கையெழுத்து. பக்கத்தில் பச்சை மையில், ஒழுங்கான சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு.

‘இதில் 62 ரிஜெக்ட் ஆனவை அல்லவா? மறுசோதனை அறிக்கை பிறகு வரட்டும். இப்போது அனுப்பலாம்.’

கையெழுத்து கோகுல்நாத்தினுடையது.

“அப்ப இவருக்கு மார்ச்சுலயே தெரியும்,” என்றான் ஜஸ்டின். அவன் குரலில் கிண்டல் இல்லை. இரண்டு வருடப் பழக்கத்தில் அகல்யா அப்படிக் கேட்டது அதுதான் இரண்டாவது தடவை.

போர்டு ரூம் மூன்றாவது மாடியில். மணி மூன்று நாற்பது. வெளியே சோபாவில் கோகுல்நாத் உட்கார்ந்திருந்தார். சிவப்பு ஃபைலைப் பார்த்ததும் எழுந்தார். அகல்யாவின் முகத்தைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

“பதினேழாம் பக்கம் பாத்துட்டீங்க.”

“பாத்தேன்.”

“வருஷக் கடைசி மேடம். அந்த லோடு போகல்லன்னா அந்த வருஷ டார்கெட் தொட்டிருக்காது. பேங்க்காரன் கடனைத் திருப்பிக் கேட்டிருப்பான். மறுசோதனைல பாஸ் ஆயிடுச்சு, ரிப்போர்ட் மட்டும் டைப் ஆகணும்னு விக்ரம் சொன்னார். எனக்கு சந்தேகம் இருந்துது. அதான் கேள்விய எழுதினேன்.” சிரிக்க முயன்றார். “கேள்வி எழுதிட்டா நம்ம கடமை முடிஞ்சுதுன்னு ஒரு நெனப்பு. ஃபைனான்ஸ்ல எல்லாருக்கும் இருக்கற வியாதி. கேள்வி கேட்டு, அதுக்குக் கீழயே அனுமதியும் குடுத்துட்டேன்.”

“அப்புறம்?”

“ரிப்போர்ட் வரல. ஏப்ரல்ல கேட்டேன், மே மாசம் கேட்டேன். ஜூன்ல பிளேடு கணக்கைப் பாத்தேன். அன்னைலேர்ந்து ஒரு நாளும் சரியாத் தூங்கல.”

அகல்யா ஃபைலை அவர் மடியில் வைத்தாள். “பதினாறு பக்கமே போதும் சார். எம்.டி. மாட்டிக்குவார், ரவிச்சந்திரன் சாட்சி சொல்வார், உங்க வேலை இருக்கும். இந்த ஒரு தாளை உருவிட்டா போர்டுல யாருக்கும் தெரியாது, ரவிச்சந்திரனும் கேட்டாத்தான் சொல்வார். நாங்க ஃபைலைத் தேடத்தான் வந்தோம். பக்கத்தை எண்ணல.”

அவள் அதை உபதேசமாகச் சொல்லவில்லை. இருக்கிற நிலவரத்தைச் சொன்னாள். ஜஸ்டின் ஜன்னல் பக்கம் திரும்பி, நெடுஞ்சாலையில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோகுல்நாத் பதினேழாம் பக்கத்தைக் கிளிப்பிலிருந்து விடுவித்தார். கையில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு அதை சோபா மேல் விரித்து வைத்துத் தன் செல்போனில் படம் எடுத்தார். மற்ற பதினாறையும் ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்து முடிக்க மணி மூன்று ஐம்பது ஆயிற்று.

“யாருக்கு?” என்றாள் அகல்யா.

“வாடிக்கையாளருக்கு. அங்க இப்ப காலை நேரந்தான், ஆபீஸ்ல இருப்பாங்க.”

“போர்டுல குடுத்துட்டு அப்புறம் அனுப்பலாமே சார்?”

“கூடாது.” அவர் விரல் வேகமாக டைப் செய்தது. “உள்ள ஆறு பேர் இருக்காங்க. அதுல ஒருத்தர் சொல்வார், ‘கோகுல், அந்தப் பக்கத்தை விட்டுடுங்க, வாடிக்கையாளர்கிட்ட நாம மெதுவா சொல்லிக்கலாம், உங்க பேருக்கு ஒண்ணும் வராது’ன்னு. அதுக்கு நான் ஒரு பதில் சொல்வேன். அவர் ஒண்ணு சொல்வார். ஆறு மணிக்குள்ள எல்லாரும் ஒத்துக்கற மாதிரி ஒரு முடிவுக்கு வந்துடுவோம். இருபத்தாறு வருஷமா இந்த மாதிரி ரூம்ல பேசிப் பேசித்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ரொம்ப நல்லாப் பேசுவேன் மேடம். அதான் பயமா இருக்கு.”

பதினேழு படங்களும் போய்ச் சேர ஒரு நிமிடம் ஆயிற்று. அவர் போனை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்த முழங்காலில் இன்னும் தூசி இருந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது போர்டு ரூம் கதவு திறந்தது. எம்.டி.யின் செக்ரட்டரி கிருஷ்ணப்பிரியா எட்டிப் பார்த்தாள். “சார், எல்லாரும் வந்தாச்சு. உங்கள வரச்சொல்றாங்க.”

அதே நேரத்தில் போன் அடித்தது. நீளமான வெளிநாட்டு நம்பர். கோகுல்நாத் எழுந்து நின்று காதில் வைத்தார். எதிர்முனை கேட்ட முதல் கேள்விக்கு, ஆமாம், அறுபத்திரண்டும்தான், ஒன்றையும் மாட்டாதீர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். ஆமாம், அந்தக் கையெழுத்து என்னுடையதுதான், எனக்குத் தெரிந்துதான் போட்டேன் என்றார்.

“சார்,” என்றாள் கிருஷ்ணப்பிரியா மறுபடியும். “போர்டு வெயிட் பண்றாங்க.”

கோகுல்நாத் அவளைப் பார்த்துக் கையை உயர்த்தி, இருக்கச் சொன்னார். அவருடைய இருபத்தாறு வருட சர்வீசில் போர்டைக் காக்கவைத்தது அதுதான் முதல் தடவை.